உள்ளே ஒட்டியிருந்த மண்

ஐரோப்பாவில் ஒரு அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. பழம்பொருள்களைத் துடைப்பது, நிலை அறிக்கை எழுதுவது, பெட்டியில் வைப்பது, இதுதான் வேலை. ஒரு நாள் காலை என் மேசைக்கு ஒரு கிரேக்கக் கண்ணாடி வாசனைக் குப்பி வந்தது. பதிவேட்டில் 'அலபாஸ்ட்ரான், கி.மு. 5ஆம் நூற்றாண்டு' என்று இருந்தது. இந்த மாதிரி ஒடுங்கிய வாசனைக் குப்பிக்கு அதுதான் பெயர். உயரம் 10 செ.மீ.தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சும்மா பார்த்தால் கறுப்பு. விளிம்புக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ஆழ்ந்த நீலம். உடம்பெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாக அலையலையான கோடுகள்.

வெளிப்புறத்தை முடித்துவிட்டு உள்ளே பார்த்தேன். செம்பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. இந்த மாதிரிக் குப்பிகளில் நிறைய கல்லறைகளில் கிடைத்தவை. அங்கே சேர்ந்த அழுக்கு என்று நினைத்து, பஞ்சுக் குச்சியை நனைத்து வாய்க்குள் விடப் போனேன்.

"நிறுத்துங்கள், அது அழுக்கு இல்லை" என்றார் பக்கத்து மேசையில் இருந்த மூத்த பெண்மணி. சத்தம் போடவில்லை. என் கையிலிருந்த குச்சியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கண்ணாடியை ஊதிச் செய்யும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில்தான் சிரியா, பாலஸ்தீனப் பக்கம் வந்தது. இந்தக் குப்பி அதற்கு எவ்வளவோ முந்தியது. ஒரு உலோகக் கம்பியின் முனையில் களிமண், மணல், சாணம் போன்றவற்றைப் பிசைந்து, குப்பியின் உட்புறம் எப்படி இருக்க வேண்டுமோ அந்த வடிவில் பிடிப்பார்கள். அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றுவார்கள். வேறு நிற இழைகளையும் சுற்றி, சூடு ஆறுவதற்குள் கூரான கருவியால் மேலும் கீழும் இழுப்பார்கள். வளையமாக ஓடிய கோடு அலையாகிவிடும். தட்டையான கல்லில் உருட்டினால் இழைகள் அமுங்கிச் சமமாகும். வாயும் காதுகளும் வைத்து, மெல்ல ஆறவிட்டு, கடைசியில் உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். அவ்வளவு குறுகிய கழுத்து வழியாக எல்லாவற்றையும் எப்படி எடுக்க முடியும்?

நான் துடைக்கப் போனது அந்த மிச்சத்தை. செய்தவரின் கை பட்ட மண் அது. நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்று மதியம் அந்தக் குப்பியை விட்டு எழுந்திருக்க மனமில்லை. அந்தக் கால வாசனையில் சாராயம் கிடையாது. எண்ணெயில் பூவையும் வேரையும் ஊறவைத்து எடுப்பதுதான். ரோஜா, ஐரிஸ் வேர் பற்றியெல்லாம் பழங்காலக் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். குப்பியின் வாய் ஏன் தட்டுப் போல அகலமாக இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நாம் ஜவ்வாதைத் தொட்டு மணிக்கட்டில் தடவுகிற மாதிரி, ஒரு சொட்டை அந்த விளிம்பிலிருந்தே மேனியில் தடவிக்கொள்ளலாம். மண்ணோடு மண்ணாக அந்த எண்ணெயும் கொஞ்சம் ஊறியிருக்கலாம் என்ற ஆசை எனக்கு. மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை.

அறிக்கையில் 'உட்புறம்: செய்முறை மண்ணின் எச்சம். துடைக்கக் கூடாது' என்று எழுதி, கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வேலை சொல்லிக் கொடுக்கிறேன். பஞ்சுக் குச்சி டப்பாவை என் பக்கம் வைத்துக்கொண்டு, முதல் நாள் டார்ச்சை மட்டும் கொடுக்கிறேன்.