நேர்கோடும் 60 என்ற எண்ணும்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இதயக் கண்காணிப்புக் கருவிகள் வாங்க முடிவானபோது, இரண்டு மாதிரிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை உயிர்மருத்துவப் பொறியாளரான என் தலையில் விழுந்தது. முதல் கருவியின் விற்பனைப் பிரதிநிதி வந்ததும் வராததுமாகத் தன் மார்பிலேயே மின்முனைகளை ஒட்டிக்கொண்டார். திரையில் 76. அலை அழகாக ஓடியது. நோயில்லாதவரின் துடிப்பை எந்தக் கருவிதான் தவறாக எண்ணும்?

இ.சி.ஜி. சிமுலேட்டரை எடுத்தேன். கேட்ட துடிப்பையும் கேட்ட கோளாறையும் மின்குறியாகத் தரும் சிறு பெட்டி அது. 1 மில்லிவோல்ட் குறி தாளில் 10 மில்லிமீட்டர் எழுகிறதா என்று அளந்துவிட்டு 30, 60, 120, 240 என்று வேகத்தை மாற்றினேன். 10 விழுக்காடு அல்லது 5 துடிப்பு, இவற்றில் எது பெரிதோ அதுவரை பிழை இருக்கலாம். இரண்டு கருவிகளும் தேறின. மின்கசிவு, பேட்டரி ஆகியவற்றிலும் குறையில்லை.

ஒவ்வொரு துடிப்பின் உயர்ந்த முனைக்கும் பின்னால் வரும் சிறு மேடுதான் டி அலை. அதை உயர்த்தியதும் முதல் கருவி தடுமாறியது. 80 காட்ட வேண்டிய இடத்தில் 160. டி அலையையும் ஒரு துடிப்பாகச் சேர்த்து எண்ணிவிட்டது. லீடை, அதாவது இதயத்தின் மின்குறியைப் பார்க்கும் கோணத்தை, மாற்றியதும் சரியாயிற்று. அரை மனதோடு விட்டுவிட்டேன்.

கடைசியாக வைத்திருந்த சோதனை வேறு ரகம். இதயம் நின்றுவிட்டது, இதயத்தை மின்சாரத்தால் தூண்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் மட்டும் நிமிடத்துக்கு 60 முறை வீணாகத் தூண்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கருவி 7ஆவது விநாடியில் அலறியது. 10 விநாடிக்குள் அலற வேண்டும் என்பதே விதி. முதல் கருவியோ நேர்கோட்டில் நின்ற பேஸ்மேக்கரின் கூர்முனைகளைத் துடிப்பென்று எண்ணி, சாவகாசமாக 60 காட்டியது. ஒரு நிமிடம் காத்திருந்தேன். சத்தமே இல்லை.

பிரதிநிதி அவசரமாக மெனுவைத் திறந்தார். பேஸ்மேக்கரைக் கண்டறியும் வசதி அணைந்திருந்தது. அதை இயக்கியதும் அலாரம் ஒழுங்காக ஒலித்தது. அவர் முகத்தில் நிம்மதி. கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். வசதி மறுபடியும் அணைந்த நிலைக்கே போயிருந்தது.

உடனிருந்த செவிலியர் கேட்டார்: "நடுராத்திரியில் நோயாளியைக் கொண்டுவந்து போட்டால், இந்த மெனுவுக்குள் யார் சார் போவார்கள்?"

இரண்டாவதைப் பரிந்துரைத்தேன். விலை கூடுதலாயிற்றே என்று கணக்குப் பிரிவு விளக்கம் கேட்டது. மேலே 60 என்றும் கீழே நேர்கோடும் அச்சாகியிருந்த தாள் துண்டைக் கோப்பில் இணைத்து அனுப்பினேன்.