கந்துவட்டித் தற்கொலை வழக்கில் தூண்டுதலை நிரூபித்த அனுபவம்

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை நடத்திவந்த என் அண்ணன், மீட்டர் வட்டிக்கு, அதாவது நேரம் ஏற ஏறக் கூடும் கந்துவட்டிக்கு, வாங்கிய கடனின் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். புகார்தாரர் என்ற முறையில் முதல் தகவல் அறிக்கை முதல் தீர்ப்பு வரை அந்த வழக்கோடு இருந்தேன். இதே நிலையில் நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பதிவானது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவின்படியான சந்தேக மரண வழக்குதான். அண்ணன் எழுதிவைத்த கடிதத்தையும், வட்டி கட்டிய கணக்கைக் குறித்துவந்த சிறு நோட்டையும் ஒப்படைத்த பின்னரே, தற்கொலைக்குத் தூண்டுவதைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவும், கந்துவட்டித் தடைச் சட்டம் என்று மக்கள் சொல்லும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த குற்றமென்றால் 306-க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவு வரும்.

கடிதத்தில் பெயர் இருந்தாலே தண்டனை உறுதி என்று உறவினர்கள் நம்பினார்கள். சட்டம் அப்படி இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி தூண்டிவிட்டதையோ, சதியில் பங்குகொண்டதையோ, வேண்டுமென்றே உதவியதையோ காட்ட வேண்டும். கோபத்தில், விளைவை எண்ணாமல் உதிர்த்த சொல் தூண்டுதல் ஆகாது என்று ரமேஷ்குமார் எதிர் சத்தீஸ்கர் மாநிலம் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படித்துக்காட்டினார். கொடுத்த பணத்தைக் கேட்பது எப்படித் தூண்டுதலாகும் என்பதே அவருடைய வாதத்தின் மையம்.

எங்களுக்குக் கைகொடுத்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. கடனாளியோ அவர் குடும்பத்தாரோ தற்கொலைக்குச் சற்று முன்பு துன்புறுத்தப்பட்டார்கள் என்று காட்டிவிட்டால், எதிர்மாறாக நிரூபிக்கப்படாதவரை, அதிக வட்டிக்குக் கடன் கொடுத்தவரே தூண்டியவராகக் கருதப்படுவார். ‘சற்று முன்பு’ என்ற அந்தக் காலவரம்பே வழக்கின் உயிர்நாடியாயிற்று. பல மாதத் துன்பத்தை எவ்வளவு விரிவாகச் சொன்னாலும், கடைசி நாள் மாலையில் என்ன நடந்தது என்பதில்தான் விசாரணை வந்து நின்றது.

அன்று கடை வாசலில் நடந்ததைப் பார்த்திருந்த டீக்கடைக்காரர் நீதிமன்றத்தில் முன்பு சொன்னதை மாற்றிப் பேசி, பிறழ் சாட்சியானார். எதிரே பூ விற்கும் அம்மா மட்டும், இரண்டு பேர் வந்து கடையைப் பூட்டச் சொன்னதையும், அண்ணியைப் பற்றித் தகாத சொற்களைப் பேசியதையும் கூண்டில் தளராமல் சொன்னார். எங்களுக்கு எந்த உறவும் இல்லாதவர். அவருடைய துணிவுக்கு இந்தக் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அன்றிரவு வந்த அழைப்புகளின் பட்டியல் நேரத்தைக் காட்டியதே தவிர, என்ன பேசினார்கள் என்பதைக் காட்டவில்லை. அந்த இடைவெளியை வாட்ஸ்அப் குரல் பதிவு நிரப்பியது. பதிவின் நகலை, மின்னணுப் பதிவுகளுக்கு இந்தியச் சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழ் இல்லாமல் ஏற்க முடியாது என்பதால், அதை முன்கூட்டியே பெறும்படி அரசு வழக்கறிஞர் வலியுறுத்தியிருந்தார். கடிதத்தின் கையெழுத்தை ஒப்பிட, அண்ணனின் பழைய கடைக் கணக்குகளும் வங்கிப் படிவங்களும் சென்னைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயின. இறந்தவரின் பழைய எழுத்துகளை எந்தக் குடும்பமும் அவசரப்பட்டு அப்புறப்படுத்தக் கூடாது.

குறுக்கு விசாரணையில், அண்ணனுக்குக் கூட்டுறவுச் சங்கத்திலும் கடன் இருந்ததா, வியாபாரம் சரிந்ததா என்று கேட்டார்கள். இரண்டும் உண்மை என்றேன். சங்கத்தார் யாரும் வாசலில் வந்து நின்று எங்கள் வீட்டுப் பெண்ணை இழிவாகப் பேசவில்லை என்பதையும் சொன்னேன். உள்ளதை மறைத்திருந்தால் என் சாட்சியம் முழுவதுமே ஐயத்துக்கு உள்ளாகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடன் கொடுத்த முதல் எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) 306-ஆம் பிரிவிலும் வட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவிலும் அமர்வு நீதிமன்றம் தண்டனை விதித்தது. உடன் வந்த இரண்டாவது எதிரி, கடன் கொடுத்தவர் அல்லர் என்பதால் 9-ஆம் பிரிவின் அனுமானம் அவரைத் தொடாது என்றும், அவர் பேசியது எது என்பது தனியாக நிரூபிக்கப்படவில்லை என்றும் கூறி விடுவிக்கப்பட்டார். அந்த விடுதலைக்கு எதிராக, சட்டப்படி வாரிசான அண்ணி பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய இடம்தரும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 372-ஆம் பிரிவின் காப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்திருக்கிறார்.