காப்பிக் கிடங்கும் சாரையும்

பழனிமலையில் தாண்டிக்குடி பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கிறேன். பேர் எழுதுவதும் கூலிக் கணக்குப் போடுவதும்தான் வேலை. ஆனால் கிடங்கில் பாம்பு என்றாலும் என்னிடம்தான் ஓடிவருவார்கள். பாம்பு பிடிக்க எனக்குத் தெரியாது. அடிக்க விடமாட்டேன், அவ்வளவுதான்.

வருவது பெரும்பாலும் சாரை. ஆறடிக்கு மேல் வளரும். பகலில் இரை தேடுவதால் அதிகம் கண்ணில் படுகிறது, அதனாலேயே அடியும் அதிகம் வாங்குகிறது. அதற்கு விஷம் கிடையாது. மலைப்பாம்பு போலச் சுற்றி நெரிக்கவும் செய்யாது. எலியைக் கவ்வி, உடம்பால் தரையோடு அழுத்தி, பல சமயம் உயிரோடேயே விழுங்கிவிடும். பூனை வளை வாசலில் காத்துக் கிடக்கும்; சாரை வளைக்குள்ளேயே போய்க் குட்டிகளையும் சேர்த்து முடித்துவிட்டு வரும். கிடங்குக்கு வேண்டியது இதுதான்.

"வால்ல விஷம் இருக்கு சார், அடிச்சா அந்த இடம் அழுகிரும்" என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு சாரைகள் முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றால் சாரையும் நாகமும் பிணைகிறது என்று கும்பிடுவதும் உண்டு. அவை இரண்டுமே ஆண் சாரைகள், பலப்பரீட்சை நடக்கிறது. கும்பிடுகிற நேரத்திலாவது கம்பைக் கீழே போடுகிறார்களே, சரி.

எலி மருந்து வைக்கலாம் என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். கடையில் கிடைப்பதில் பல, ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்பவை. தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அதுவரை தள்ளாடித் திரிகிற எலியை ஆந்தை பிடித்தால் ஆந்தைக்கும் விஷம் ஏறும். எலியோ மூன்று வாரத்தில் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும்.

சாரையை அடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றும் சொல்லிப் பார்த்தேன். யாரும் அசரவில்லை. களத்தில் காப்பி காயப்போடுகிற அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி: "சாரை ஒண்ணும் பண்ணாது சார், ஒத்துக்கிறேன். நல்ல பாம்பும் அதே எலிக்குத்தானே வரும்?"

வரும். அப்புறம் எலி அண்டாதபடி மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, பலகை போட்டு அடுக்கினோம். கதவடி இடுக்கைத் தகரம் வைத்து அடைத்தோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சுவரோரம் விறகு அடுக்க வேண்டாம் என்றேன். அதற்கு மட்டும் இன்னும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. மழையில் விறகு நனைந்தால் சோறு நீங்களா பொங்கித் தருவீர்கள் என்கிறார்கள்.