இருபதாம் தேதியும் என் இளைப்பும்

கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில், கணக்குப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தேன். கணக்குக்காரர்களுக்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு. 7-ஆம் தேதி, பிடித்துவைத்த வருமான வரியைக் கட்டும் டிடிஎஸ்; 11, விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1; 15, பிஎஃப், தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ; 20 என்றால் 3பி, அந்த மாத ஜிஎஸ்டியைக் கணக்குக் காட்டிக் கட்டுவது. 3பி ஒரு நாள் தப்பினாலும் தாமதக் கட்டணம் 50 ரூபாய், பாக்கி வரிக்கு வட்டி வேறு. சின்ன வயதிலிருந்து கூடவே வரும் என் வீசிங்குக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியாது. மார்கழிப் பனியில், விடிகாலை மூன்று மணிதான் அதற்கு ஷிஃப்ட்.

லீவு சொல்ல ஃபோன் செய்யும்போது, நான் இரைப்பது மேனேஜருக்குக் கேட்டால் நல்லது என்று தோன்றும். அப்புறம் அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருக்கும். அவர் ஒருநாளும் திட்டியதில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்க" என்பார். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி பேசாமல் இருப்பார் பாருங்கள், அதுதான் நாள் முழுக்கக் குடையும்.

உடம்பு முடியாமல் லீவு போட்டால் ஈஎஸ்ஐயில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை தருவார்கள். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. என் இளைப்போ இரண்டு நாளில் அடங்கிவிடும் ரகம். படுத்தால் ஒழுங்காகப் படுக்க வேண்டும் போல!

திரும்பி வந்ததும் ராத்திரி எட்டு வரை உட்காருவேன். இன்ஹேலரில் பஃப் இழுத்துக்கொண்டே பேங்க் ஸ்டேட்மென்ட்டை, கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியோடு ஒத்துப்பார்ப்பேன். யாரும் கேட்காத கடனை அடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே மறுபடி படுக்கை.

கடைசியில் ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன், நான் வராத நாளுக்கென்று. எந்த சப்ளையர் பில்லை லேட்டாக ஏற்றுவார், சப்ளையர்கள் ஏற்றிய பில்லெல்லாம் ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும், ஓடிபி முதலாளி ஃபோனுக்குத்தான் போகும், மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை அவர் தூங்குவார், எல்லாம் எழுதினேன். பாதியில் கை தயங்கியது. இத்தனையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

அந்த வருஷம் ஒரு 20-ஆம் தேதி, முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கோடு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க ஒரு அழைப்பும் இல்லை. ஆறேகாலுக்குப் பக்கத்து சீட்டுப் பெண்ணிடமிருந்து மெசேஜ்: "3பி முடிச்சாச்சுக்கா." நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மறுநாள் போய் நோட்டைத் திறந்தால், நான் எழுதிய ஒரு வரியை அடித்துப் பக்கத்தில் பென்சிலால் திருத்தியிருந்தாள். "அக்கா, இந்த மெனு இப்ப மாறிடுச்சு." சரிதான், நான்தான் பழையபடி எழுதியிருந்தேன். பேனாவை எடுத்து அவள் எழுத்தின் மேலேயே எழுதினேன்.