சிங்கப்பூரில் இனம் பதியும்போது கோட்டுக்கு முன்னால் எது?

அப்பா தமிழர், அம்மா சீனர். பிள்ளை எந்த இனம்? சிங்கப்பூரில் பிறப்பைப் பதியும்போதே இதற்குப் பதில் எழுதியாக வேண்டும். முன்பெல்லாம் ஒரே இனம்தான், பெரும்பாலும் அப்பாவுடையது. 2011 ஜனவரி 1 முதல் இரட்டை இனம் பதியலாம்: ‘இந்தியர்-சீனர்’ அல்லது ‘சீனர்-இந்தியர்’. எப்படிப் போட்டால் என்ன என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே இனம் கேட்கும் அரசாங்கக் கணக்குகளில், நடுவில் உள்ள சிறு கோட்டுக்கு முன்னால் நிற்பதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இது உறைப்பது வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடு வாங்கும்போது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் புளோக்குக்கும் இன வரம்பு உண்டு. சீனருக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 12, 15. 2010 மார்ச் வரை இது 10, 13ஆக இருந்தது. இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனர் ஒருவர் தம் வீட்டை இந்தியருக்கு விற்க முடியாது. இந்தியர் இந்தியருக்கு விற்கலாம், விகிதம் மாறாது என்பதால். சிக்கல் சிறுபான்மையினருக்குத்தான் அதிகம்: சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் வீட்டைச் சீனருக்கு விற்க வழியில்லை, வாங்க வருபவர்கள் சுருங்கிவிடுவார்கள், விலையும் இறங்கும். ‘சீனர்-இந்தியர்’ என்று பதிந்தவர் இங்கே சீனர். ‘இந்தியர்-சீனர்’ என்றால் இந்தியர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரை இரண்டு விதமாகப் பதிந்தால் கணக்கும் இரண்டாகும்.

கலப்புத் தம்பதியர் வாங்கும்போது கணவன், மனைவி இருவரில் ஒருவரின் இனத்தைக் குடும்பத்தின் இனமாகக் காட்டலாம். ஆனால் விற்கும்போதும் அதே இனம்தான். அதனால் இன்று எந்த இனத்துக்கு வீடு கிடைக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. நாளை அந்தப் புளோக்கில் யாருக்கு விற்க முடியும் என்பதையும் பாருங்கள். வரம்பு நிலவரம் மாதம்தோறும் மாறும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வீவக இணையத்தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

பள்ளித் தாய்மொழிப் பாடத்தில் இவ்வளவு இறுக்கம் இல்லை. பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இந்தியரை முன்னால் போட வேண்டியதில்லை. பெற்றோர் கேட்டுப் பெறலாம்.

இதே நாட்டின் அரசமைப்புச் சட்டமோ வேறு அளவுகோலை வைத்திருக்கிறது. சிறுபான்மையினர் ஒருவராவது இடம்பெற்ற அணியாகப் போட்டியிட வேண்டிய குழுத்தொகுதியிலும், ஒரு சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தலிலும் ஒருவர் எந்தச் சமூகத்தவர் என்பதை அடையாள அட்டை முடிவு செய்வதில்லை. அவர் தம்மை அந்தச் சமூகத்தவராகக் கருத வேண்டும், சமூகமும் அவரைப் பொதுவாக ஏற்க வேண்டும்; ஒரு குழு பார்த்துச் சான்று தரும். 2017இல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில் ஹலிமா யாக்கோப் அதிபரானார். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம், தாய் மலாய்க்காரர். “அவர் மலாய்க்காரரா?” என்று அப்போது பலத்த விவாதம் நடந்தது. தந்தைவழியை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிட்டவர்கள் இந்த வரையறையைப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. மலாய்ச் சூழலில் வளர்ந்து மலாய்க்காரராகவே வாழ்ந்தவரை அந்தச் சமூகம் ஏற்றுக்கொள்வதில் புதுமை எதுவும் இல்லை.

மலேசியா இன்னொரு வகை. அங்கே அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபுப்படி நடப்பவரை மலாய்க்காரர் என்கிறது. பிறப்பிடம் பற்றிய நிபந்தனையும் உண்டு. மலாய் வம்சாவளி வேண்டும் என்று இல்லை. மலாய் பேசி மலாய் மரபில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பம் இதற்குள் வந்துவிடலாம்.

மலாக்கா செட்டிகள் வர முடியாது. 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தானகத்தில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங், கெபாயா. ஆனால் சைவர்கள். காஜா பெராங் வட்டாரத்தில் உள்ள கம்போங் செட்டியில் பொங்கலுக்கு முந்தைய போகி நாளில் வாழை இலையில் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு, பலகாரங்கள் வைத்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். அந்தப் படையலுக்குப் ‘பார்ச்சு’ என்று பெயர். மொழியையும் உடையையும் பார்த்தால் மலாய், படையலைப் பார்த்தால் தமிழ். அரசாங்கப் பதிவில் அவர்கள் இந்தியர்களாகவே நிற்கிறார்கள். செட்டி என்று எழுத அங்கே தனிக் கட்டம் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அது முழுக்க நியாயமான கோரிக்கை.