அத்தை கேட்டது சரிதானே

“இவளோட சுகராலதானே மேடம் பிள்ளைக்கு இப்படி?” மாமியார் கேட்டது என்னிடம், பார்த்தது மருமகளை.

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. 35 வாரத்துலயே பிறந்துட்டான், நுரையீரல் இன்னும் பக்குவப்படல” என்றேன். பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்ன மாதிரியே இருக்கிறது.

ஏனென்றால், சொல்லியிருக்க முடியும். 35 வாரப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சர்ஃபாக்டன்ட், அதாவது நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற மருந்து, தேவைப்படாது, இவனுக்குக் கொடுத்தோம். 3 கிலோவுக்கு மேல், கன்னம் தொங்குகிற பிள்ளை. மூச்சுக்கு மூச்சு முனகல், விலாவுக்கு நடுவே குழி. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி அம்மாவுக்கு எட்டுக்கு மேல், கட்டுக்குள் இல்லை. அம்மாவின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் இன்சுலினைக் கொட்டும். பிள்ளையைக் கொழுக்கவைக்கிற அதே இன்சுலின், நுரையீரல் பக்குவப்படுவதைத் தள்ளிப்போடும். மனிதக் கருவின் நுரையீரல் துணுக்குகளை இன்சுலினோடு வளர்த்துப் பார்த்தபோது எஸ்பி-ஏ, எஸ்பி-பி என்கிற சர்ஃபாக்டன்ட் புரதங்களுக்கான எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய ஜீன் அனுப்பும் நகல்) குறைந்தது. எஸ்பி-பி போதாவிட்டால் காற்றறைகளில் சர்ஃபாக்டன்டின் கொழுப்புப் படலம் சரியாகப் பரவாது. மூச்சை விட்டதும் அறைகள் ஒட்டிக்கொள்ளும். 1976-ல் வந்த பாஸ்டன் ஆய்வு, கர்ப்ப வாரம் போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் சர்க்கரை உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் ஆபத்து மற்றப் பிள்ளைகளைப்போல 5.6 மடங்கு என்றது. அதாவது, நான் சொன்ன சாக்கையே அது கழித்துவிட்டது.

சரி, ஆய்வகத் துணுக்கு வேறு, இந்தப் பிள்ளை வேறு. இவன் நுரையீரலில் எந்த ஜீன் எவ்வளவு அடங்கிக் கிடந்தது என்று யாரும் அளக்கவில்லை. அப்படியானால் “சொல்ல முடியாது” என்றது நியாயம்தானே? வக்கீல் மாதிரி பேசுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. மாமியார் கேட்டது ஜீனைப் பற்றியா என்ன? பழியை யார் தலையில் கட்டுவது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொன்னேன்.

டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பெண் சம்மரியை நீட்டினாள். முதல் வரியே, ஆங்கிலத்தில், ‘சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை’. கீழே என் கையெழுத்து.

“அப்ப அத்தை கேட்டது சரிதானே மேடம்?”

“அதுவும் ஒரு காரணம்மா. அடுத்த தடவை உண்டாகிறதுக்கு முன்னாடியே சுகரைக் கட்டுக்குள்ள வெச்சா இந்த ஆபத்து நல்லாவே குறையும்.”

“இதை அன்னைக்கு அத்தை முன்னாடி சொல்லியிருக்கலாம். சுகர் ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு நிறுத்தச் சொன்னதே அவங்கதான்.”

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? மாமியாருக்கு உறைத்திருக்கும் என்று அவள் நம்புகிறாள். ‘நீ ஏன் என் பேச்சைக் கேட்டே’ என்று பழி திரும்ப அவள் மேலேயே வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இந்த மாதிரி வீடுகளை நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் அந்த வீட்டில் இருப்பவள் அவள்.

இப்போதெல்லாம் சர்க்கரை உள்ள தாய்மாருக்கு இன்சுலினையும் நுரையீரலையும் பற்றி முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மாமியார் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான்.