பிளாக்போர்டில் எத்தனை அசை?

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி அளிப்பது என் பணி. சென்னையில் நடக்கும் இந்த வகுப்புகளை நான் கூட்டுச்சொற்களிலிருந்துதான் தொடங்குவேன். ‘பிளாக்போர்ட்’ என்பதை அசை பிரித்து எழுதச் சொன்னால் பெரும்பாலோர் சரியாக இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். வாயைத் திறந்ததும் அது ‘பி-ளாக்-கு-போர்-டு’ என்று ஐந்தாகிவிடும். சொல்லின் முதலில் மெய்கள் சேர்ந்து வருவதையும் வல்லின மெய்யில் சொல் முடிவதையும் தமிழ் ஏற்பதில்லை என்பதால், இகரமும் உகரமும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைக் களையாமல் அழுத்தத்தைப் பற்றி, அதாவது சொல்லின் எந்தப் பகுதியை ஓங்கிச் சொல்வது என்பதைப் பற்றி, பேசிப் பயனில்லை.

அழுத்தம் முதல் உறுப்பில் விழுந்தால் அது வகுப்பறைக் கரும்பலகை. இரண்டு சொற்களாக நின்று பின்னது ஓங்கினால், கறுப்பாக இருக்கும் ஏதோ ஒரு பலகை. ‘கிரீன்ஹவுஸ்’ செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலா, பச்சை வண்ணம் பூசிய வீடா என்பதும் இப்படித்தான் தெளிவாகிறது. தமிழில் அழுத்தம் ஒரு சொல்லை வேறு சொல்லாக்குவதில்லை. ஆகவே நம்மவர்கள் இரண்டு உறுப்புகளையும் சம வலுவோடு சொல்லிப் பழகியிருக்கிறார்கள். கைதட்டி அசை எண்ண வைக்கும் பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒவ்வொரு தட்டும் ஒரே வலுவில் விழுந்து, எந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டுமோ அதையே உறுதிப்படுத்துகிறது. சொல்லை விட்டுவிட்டு அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் முனகச் சொல்வேன். கூச்சம் தெளிந்தபின் அது நன்றாகவே வேலை செய்கிறது.

அழுத்தம் குறைந்த உறுப்பை விழுங்கிவிடவும் கூடாது. ‘பிளாக்போர்ட்’ என்பதில் ‘போர்ட்’ தன் நெடில் ஓசையை இழப்பதில்லை. அதே உறுப்பில் முடியும் ‘கப்போர்ட்’ மட்டும், எழுத்தில் இருக்கும் பகர ஒலி மறைந்து, பின்னுயிர் மங்கி, ஏறக்குறைய ‘கபட்’ என்றே ஒலிக்கும். அதில் இரு சொற்கள் இணைந்த இடமே காதுக்குத் தெரியாது.

முகவரியைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்கும் அழைப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்’ என்னும்போது அழுத்தம் ஊர்ப் பெயரில் விழும், ‘ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு’ என்றால் ‘ரோடு’க்குத் தாவிவிடும், ‘அவென்யூ’ வந்தாலும் அப்படியே. ‘ஆப்பிள் கேக்’ முன்னால் அழுந்த, ‘ஆப்பிள் பை’ பின்னால் அழுந்துவதும் இந்த ரகம்தான். ஏன் என்று வகுப்பில் கேட்பவர்களிடம், இவற்றை மனப்பாடம் செய்வதே சுருக்கமான வழி என்று சொல்லிவிடுவேன்.